டெட்லைன் ஒரு வேலியாக இருந்த காலம்

தமிழ்நாட்டு அலுவலகங்களில் டெட்லைன் என்ற சொல் காதில் விழாமல் ஒரு வேலைநாள் கழிவது அரிது. கல்லூரி மாணவர் புராஜெக்ட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய தேதியையும், மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய நாளையும், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் ‘இதற்குள் மேட்டர் வந்துவிட வேண்டும்’ என்று சொல்லும் வரம்பையும் இந்த ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். நாளிதழ் ஒன்றில் பக்கம் முடிக்கும் மேசையில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். எங்களுக்கு இது மூச்சுக்கு மூச்சு புழங்குகிற சொல். ஆயினும் இந்தச் சொல் பரவலாக வழங்கத் தொடங்கிய காலத்தில் அதன் பொருளில் நேரத்துக்கு இடமே இல்லை. அப்போது அது மரத்தால் ஆன ஒரு தாழ்ந்த வேலியைக் குறித்தது. அந்த வேலியைத் தாண்டியவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நேர்ப்பொருள் எப்படித் தேய்ந்து தேய்ந்து இன்றைய உருவகப் பொருளானது என்பதை விளக்கமாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ஆம் ஆண்டின் பிப்ரவரி இறுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் என்ற சிற்றூரை ஒட்டித் தென்மாநிலக் கூட்டமைப்பு ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தது. கேம்ப் சம்டர் என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். ஏறத்தாழ 10,000 பேரை அடைத்து வைக்கத் திட்டமிட்டு 16.5 ஏக்கர் பரப்பில் அமைக்கப்பட்ட அந்த முகாம், இடம் போதாமல் அதே ஆண்டு ஜூனில் 26.5 ஏக்கராக விரிவாக்கப்பட்டது. அப்படியும் ஆகஸ்டில் 32,000-க்கும் மேற்பட்ட வடமாநிலப் படைவீரர்கள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். அவர்களுக்குக் குடியிருப்பு என்று எதுவும் கட்டித் தரப்படவில்லை. போர்வை, கிழிந்த சட்டை, மரக்குச்சி எனக் கையில் கிடைத்தவற்றைக் கொண்டு அவரவர் நிழல் அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முகாமின் நடுவே ஓடிய சிற்றோடைதான் குடிநீர், அதுவே கழிவுநீர். முகாம் இயங்கிய 14 மாதங்களில் அதற்குள் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் வயிற்றுப்போக்காலும் சீதபேதியாலும் ஸ்கர்வி நோயாலும் பட்டினியாலும் இறந்துபோனார்கள்.

முகாமைச் சுற்றிப் பைன் மரத்தடிகளை நெருக்கமாக நட்டு, 15 அடிக்கும் மேலான உயரத்தில் ஒரு மதில் எழுப்பியிருந்தார்கள். அந்த மதிலின் உச்சியையொட்டி, சீரான இடைவெளியில் காவலர்களுக்கான பரண்கள் இருந்தன. கைதிகள் அவற்றைப் புறாக்கூண்டுகள் என்று அழைத்தார்கள். மதிலுக்கு உட்புறமாக, அதிலிருந்து ஏறத்தாழ 19 அடி தள்ளி, தரையில் சிறு கழிகளை நட்டு, அவற்றின் தலையில் மெல்லிய மரச்சட்டங்களை ஆணியடித்துப் பொருத்திய ஒரு வேலி முகாமைச் சுற்றிலும் சென்றது. அதைத் தாண்டிக் குதிப்பது எளிது, கீழே குனிந்து நுழைவது அதைவிட எளிது. ஆனால் வேலிக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் காலை வைத்த கைதியை எச்சரிக்கை எதுவுமின்றிச் சுடலாம் என்று காவலர்களுக்கு உத்தரவு இருந்தது. அந்த வேலிக்குத்தான் டெட் லைன் என்று பெயர். அக்காலத்தில் அதை இரு சொற்களாகவோ நடுவே சிறுகோடு இட்டோ எழுதினார்கள். சாவு என்பதும் கோடு என்பதும் அந்தப் பெயரில் தனித்தனியாக, முழுப் பொருளோடு, ஒட்டாமல் நின்றன.

எழுத்தில் நமக்குக் கிடைக்கும் தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்று, தென்மாநில ராணுவத்தின் சார்பில் முகாமைப் பார்வையிட்ட கேப்டன் வால்டர் போவி 1864 மே மாதம் அனுப்பிய அறிக்கை. மதிலுக்கு 20 அடி உள்ளே டெட்லைன் ஒன்று ஏற்படுத்தப்பட்டுள்ளது என்றும், இரவிலோ பகலிலோ எந்தக் கைதியும் அதைக் கடக்கக் கூடாது என்றும், கடந்தால் சுடப்படுவார் என்றும் அவர் ஒரு நிர்வாகத் தகவலாக அதில் குறிப்பிடுகிறார். அதில் கண்டனம் ஏதும் தென்படவில்லை. முகாமின் அளவு, காவலர் எண்ணிக்கை முதலியவற்றோடு இதுவும் ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்தச் சொல் ஊரறியப் புழக்கத்துக்கு வந்தது மறு ஆண்டில்தான். போர் முடிந்தபின், முகாமின் உட்பகுதிக்குப் பொறுப்பாக இருந்த, சுவிட்சர்லாந்தில் பிறந்த கேப்டன் ஹென்றி விர்ஸ் கைது செய்யப்பட்டு, 1865 ஆகஸ்டில் வாஷிங்டனில் ராணுவ நீதிக்குழு ஒன்றின் முன் நிறுத்தப்பட்டார். அவர்மீதான குற்றச்சாட்டுப் பத்திரத்தில் டெட்லைனுக்கென்று தனியாக ஒரு பகுதியே இருந்தது. மதிலிலிருந்து ஏறத்தாழ 20 அடி உள்ளே ஒரு டெட்லைனை விர்ஸ் ஏற்படுத்தினார் என்றும், அதைத் தொடுகிற, அதன்மேல் விழுகிற, அதற்கு மேலாகவோ கீழாகவோ செல்கிற கைதிகளைச் சுட்டுக் கொல்லும்படி காவலர்களுக்கு ஆணையிட்டார் என்றும் அந்தப் பகுதி கூறுகிறது. இடையில் அதே பத்திரம் சொல்லும் இன்னொரு செய்தியைப் படித்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கோடு பல இடங்களில் வெறும் கற்பனைக் கோடாக இருந்தது என்றும், மற்ற பல இடங்களில் உறுதியற்ற சிறு கழிகளின்மேல் ஆடிக்கொண்டிருந்த சட்டங்களால் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது என்றும் அரசுத் தரப்பு எழுதியிருக்கிறது.

சட்டங்கள் உடைந்தும் கழிகள் சாய்ந்தும் காணாமல்போன இடங்களில் கோடு இருந்த தடயமே இல்லை. ஆனால் சுடும் உத்தரவு அங்கேயும் நீடித்தது. நேற்று வந்து சேர்ந்த கைதிக்கு அது எங்கே ஓடுகிறது என்று தெரிய வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு, மேலே பரணில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவரின் மனத்தில் இருந்தது. அவர் எங்கே என்று நினைத்தாரோ அங்கேதான் அது இருந்தது. ஒரு சொல்லின் நேர்ப்பொருள் என்றால் கையால் தொடத்தக்க பருப்பொருள் என்றும், உருவகப் பொருள் என்றால் மனத்தளவில் நிற்பது என்றும் பிரித்துக் கற்றவர்கள் நாம். டெட்லைன் விஷயத்தில் அந்தப் பிரிவினை தொடக்கத்திலேயே குலைந்து கிடக்கிறது. மனத்தளவில் இருந்த கோடுதான் மனிதர்களைக் கூடுதலாக ஏமாற்றிக் கொன்றிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கோட்டை ஆட்கள் ஏன் கடந்தார்கள் என்ற கேள்விக்கு நீதிக்குழு முன் சாட்சிகள் சொன்ன பதில்கள் எளியவை. ஓடை மதிலுக்கு அடியில் புகுந்து முகாமுக்குள் வருகிற இடத்தில்தான் தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தது; அந்த இடம் டெட்லைனை ஒட்டியிருந்தது. கைக்குவளையைச் சட்டத்துக்கு அடியில் நீட்டி, இன்னும் கொஞ்சம் மேலே உள்ள நீரை மொள்ள முயன்றவர்கள் சுடப்பட்டார்கள். சிக்கமாகா போரில் ஒரு காலை இழந்ததால் அந்தப் போர்க்களத்தின் பெயராலேயே சக கைதிகள் அழைத்த ஒருவரின் சாவும் விசாரணையில் பேசப்பட்டது. சுரங்கம் தோண்டியவர்களைக் காட்டிக்கொடுத்தார் என்று மற்ற கைதிகள் அவர்மேல் சந்தேகப்பட்டார்கள். அவர்களுக்குப் பயந்து, தன்னை வெளியே அழைத்துச் செல்லும்படி கேட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு கோட்டுக்கு அப்பால் போனவர், திரும்ப மறுத்ததால் காவலரின் குண்டுக்கு இரையானார். தப்பி ஓட முயன்ற மனிதர் என்று அவரை யாராலும் சொல்ல முடியாது.

விர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரை மட்டும் பலிகொடுத்து மேலிடத்தார் தப்பித்துக்கொண்டார்கள் என்ற வாதம் அன்று தொட்டு இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்: தென்மாநில வீரர்களை வடக்கு அடைத்து வைத்திருந்த சிகாகோவின் கேம்ப் டக்ளஸ் போன்ற முகாம்களிலும் டெட்லைன் இருந்தது. ஆனால் விர்ஸ் வழக்கை நாளிதழ்கள் மாதக்கணக்கில் விரிவாக வெளியிட்டதால், அந்தச் சொல்லும் ஆண்டர்சன்வில் என்ற பெயரும் ஒன்றாகவே மக்கள் மனத்தில் பதிந்தன.

அதன்பிறகு அந்தச் சொல் சிறையை விட்டு வெளியேறியது. வெளியேறியதுமே அது நேரத்தைக் குறிக்கத் தொடங்கிவிடவில்லை. இடையில் பல பத்தாண்டுகள் அது நிலத்தின் மேல்தான் கிடந்தது. 1880 வாக்கில் நியூயார்க்கின் துப்பறியும் பிரிவுத் தலைவர் தாமஸ் பைர்ன்ஸ், வங்கிகளும் பங்குச் சந்தையும் இருந்த வால்ஸ்ட்ரீட் பகுதியைப் பிக்பாக்கெட்டுகளிடமிருந்து காக்க ஒரு வழி கண்டார். ஃபுல்டன் தெருவை அவர் டெட்லைன் என்று அறிவித்தார். காவல்துறைக்குத் தெரிந்த பழைய குற்றவாளி எவரேனும் அந்தத் தெருவுக்குத் தெற்கே காணப்பட்டால், அன்று அவர் எந்தக் குற்றமும் செய்யாவிட்டாலும் கைது செய்யப்படுவார். கோடு அப்படியே இருக்கிறது. தாண்டினால் தண்டனை என்பதும் அப்படியே இருக்கிறது. சாவு மட்டும் கைதாகச் சுருங்கிவிட்டது. சொல்லின் பாதி நேர்ப்பொருளில் நிற்க, மறுபாதி உருவகமாகிவிட்ட நிலை இது.

மேற்கு மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில் அந்தச் சொல்லுக்கு வேறு வாழ்க்கை வாய்த்தது. டெக்ஸாஸிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகள் தாங்கள் நோயுறாமலே ஒருவகைக் காய்ச்சலைக் கொண்டுவந்து உள்ளூர் மாடுகளைக் கொன்றன. உண்ணிகள்தான் அந்த நோயைக் கடத்துகின்றன என்பதைத் தியோபால்ட் ஸ்மித்தும் பிரெட் கில்போர்னும் 1893-இல் நிறுவும்வரை காரணம் புரியாமல் எல்லோரும் தவித்தார்கள். டெக்ஸாஸ் மாடுகள் தாண்டி வரக்கூடாது என்று கான்சஸ் மாநிலம் வகுத்த எல்லையையும் டெட்லைன் என்றார்கள். வயோமிங்கில் மாட்டுப் பண்ணையார்கள், ஆட்டு மந்தைகள் இந்த இடத்துக்கு மேல் வரக்கூடாது என்று தாங்களாகவே கோடு வகுத்து அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். அங்கே அரசு இல்லை, சட்டம் இல்லை, துப்பாக்கி மட்டும் இருந்தது. அப்படிப்பட்ட கோடு ஒன்றைத் தாண்டி மந்தையை ஓட்டிவந்தவர்கள்மீது 1909 ஏப்ரலில் டென் ஸ்லீப் என்ற ஊருக்கு அருகே ஸ்பிரிங் கிரீக் ஓடைக்கரையில் இரவில் தாக்குதல் நடந்தது. மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். நியூயார்க்கில் சாவைக் கழற்றிப் போட்ட சொல், கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வயோமிங்கில் மறுபடியும் சாவை எடுத்துக்கொண்டது. ஒரு சொல்லின் பொருள் ஒரே திசையில் நழுவிச் செல்லும் என்று எண்ணுவதற்கு இது தக்க மறுப்பு.

இனி எங்கள் தொழிலுக்கு வருகிறேன். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில், சமதளப் படுக்கையின்மேல் உருளை உருண்டு அச்சிடும் இயந்திரங்கள் இருந்தன; நம் ஊர் அச்சகங்களில் அவற்றைச் சிலிண்டர் மெஷின் என்று சொல்வார்கள். உருளையின் முன்விளிம்பில் வரிசையாக உலோக விரல்கள் இருக்கும். கிரிப்பர் என்று பெயர். தாளின் ஓரத்தைக் கவ்விப் பிடித்து உருளையோடு இழுத்துச் செல்வது அவற்றின் வேலை. கம்பாசிட்டர் கோத்த எழுத்துகளைச் சேஸ் என்ற இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிப் படுக்கையில் வைக்கும்போது, அது கிரிப்பர் வந்து இறங்கும் இடத்துக்குள் போய்விடக் கூடாது. போனால் உருளை உருளும்போது கிரிப்பர்கள் எழுத்துகளின் தலைமேல் ஏறி அவற்றை நசுக்கும், கிரிப்பர்களும் வளைந்துவிடும். அதனால் படுக்கையில் குறுக்கே ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு இப்பால் மட்டுமே எழுத்து இருக்கலாம். அதற்குப் பெயர் டெட்லைன். பிழை பார்ப்பதற்கான முதல் படியை எடுக்கப் பயன்பட்ட, சிகாகோவில் தயாரான வாண்டர்குக் மெய்ப்பு இயந்திரங்கள் இன்றும் கலைஞர்களின் சிறு அச்சகங்களில் ஓடுகின்றன. அவற்றில் வேலை பழகுகிறவருக்கு முதலில் காட்டப்படுபவற்றில் இந்தக் கோடும் ஒன்று.

உலோகத்தில் பொறித்த அந்த மெல்லிய கோட்டில் எல்லாமே மறுபடியும் நேர்ப்பொருளில் வந்து அமர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கோடு உண்டு, தாண்டக் கூடாது என்ற விதி உண்டு, தாண்டினால் உடனடி நாசமும் உண்டு. நாசமாவது மனிதன் என்பதற்குப் பதில் எழுத்து. விதியைச் செயல்படுத்த காவலாளும் தேவையில்லை, இயந்திரமே செய்து முடித்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அச்சு இயந்திரத்துக்கு மேல்மாடியில் இருந்த செய்தி அறைகளில்தான் சொல் நேரத்தின் பக்கம் திரும்பியது. செய்தி எத்தனை மணிக்குள் கோக்கப்பட்டு இயந்திரத்துக்குப் போக வேண்டும் என்பதை அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் டெட்லைன் என்று சொல்லத் தொடங்கினார்கள். 1920-இல் பத்திரிகை அலுவலகத்தைக் களமாகக் கொண்டு வந்த ஒரு மௌனப்படத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல் நேரத்தைக் குறிக்க வருகிறது. அந்த நேரத்தை யாரும் விருப்பத்துக்கு நிர்ணயிக்கவில்லை. பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிச் செல்லும் ரயில் குறித்த மணிக்குப் புறப்பட்டுவிடும். அதற்கு முன் அச்சு முடிய வேண்டும், அதற்கு முன் பக்கம் முடிய வேண்டும், அதற்கு முன் நிருபர் எழுதி முடித்திருக்க வேண்டும். நம் நாட்டிலும் தொலைவூர்களுக்கு முன்னிரவிலேயே அச்சாகிப் போகும் பதிப்பை டாக் எடிஷன் என்று சொல்லும் வழக்கம் இப்படி வந்ததுதான். நான் வேலை செய்யும் மேசையில் இன்று ஈயமும் இல்லை, ரயிலுக்கு ஓட்டமும் இல்லை. பக்கம் கணினியிலிருந்து நேரே தகடாகிறது, கட்டுகள் வேனில் போகின்றன. ஆனாலும் இரவில் கடைசிப் பக்கத்தை விடும் நேரம் நெருங்கும்போது அறையில் பேச்சு அடங்கிவிடும். ஒரு தலைப்பில் ஓர் எழுத்து கூடிவிட்டால் அதைக் குறைக்கப் படும் பாடு, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சிறைக்கோட்டிலிருந்து செய்தி அறைவரை இந்தச் சொல் நேராக நடந்துவந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அகராதிக்காரர்கள் இதில் கவனமாகவே இருக்கிறார்கள். சிறைக்கோட்டின் செல்வாக்கு இருந்திருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் டெட் என்ற சொல்லே இறந்தது என்ற நேர்ப்பொருளோடு, அசையாதது, பயன்படாதது, மேலே போக வழியில்லாதது என்ற உருவகப் பொருள்களையும் நெடுங்காலமாகச் சுமந்து வருகிறது. முட்டுச்சந்தை டெட் எண்ட் என்பதும், விற்காமல் தேங்கிய சரக்கை டெட் ஸ்டாக் என்பதும் நமக்கே பழக்கம். ஆண்டர்சன்வில் முகாமுக்கு முன்பே, 1860-இல், தண்ணீரில் அசையாமல் கிடக்கும் தூண்டில் கயிற்றை டெட் லைன் என்று குறிப்பிட்ட சான்றும் உண்டு. ஆகவே அச்சுப்படுக்கையில் கோடு பொறித்தவர் சிறையை நினைக்காமலே, எழுத்து பயன்படாமல் போகும் இடம் என்ற பொருளில் அப்படிப் பெயரிட்டிருக்கவும் கூடும்.

என் எண்ணம் இதுதான். விர்ஸ் வழக்கு நடந்த அதே தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும்தான் நியூயார்க் தெருவிலும் மேய்ச்சல் நிலத்திலும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தின. போர் முகாம்களிலிருந்து திரும்பிய பல்லாயிரம் பேர் தங்கள் நினைவுகளைப் பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்த காலம் அது. தாண்டினால் கேடு வரும் என்ற எல்லையைக் குறிக்க அந்தக் காலத்து அமெரிக்கர் ஒருவர் இந்தச் சொல்லை எடுத்தபோது, அவர் காதில் சிறைக்கோடு ஒலிக்காமல் இருந்திருக்க முடியாது. அச்சுக்கோடு தனியாகப் பிறந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அதுவும் ஏற்கெனவே அச்சம் ஏறிய ஒரு பெயரோடுதான் புழங்கியது.

இடத்தைக் குறித்த சொல் நேரத்தைக் குறிக்க வருவது மொழிகளில் புதிதல்ல; முன், பின், இடை என்று தமிழிலும் இரண்டுக்கும் ஒரே சொற்கள்தான். டெட்லைன் இடத்தை விட்ட பிறகும் அதைச் சுற்றியுள்ள வினைகளில் இடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் டெட்லைனை மீட் செய்வார்கள், எக்ஸ்டெண்ட் செய்வார்கள். தவறினால் மிஸ் செய்துவிட்டதாகச் சொல்வார்கள். நாம் அந்தப் பெயர்ச்சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வினைகளை நம் வீட்டிலிருந்தே போட்டோம். ‘டெட்லைன் தாண்டிடுச்சு’ என்கிறோம். ஆண்டர்சன்வில் வேலியைப் பற்றி ஒருபோதும் கேள்விப்படாத ஒருவர், அந்த வேலிக்குரிய மிகச் சரியான வினையைத் தமிழில் தேர்ந்தெடுத்துவிடுகிறார். கிழித்த கோட்டைத் தாண்டுவது என்பது நம் பேச்சில் நெடுநாளாக இருக்கும் வழக்கு என்பதால், கோடு என்ற பொருள் கண்ணுக்குத் தெரியாத போதும் வினை அதைத் தேடிப் போய்ப் பிடித்திருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முகாமில் மனிதன் கோட்டைத் தாண்டினான்; அதாவது அவன் நகர்ந்தான், கோடு நின்றது. நம் வாக்கியத்தில் நாம் நாற்காலியில் அப்படியே இருக்கிறோம், நாள்தான் நம்மைக் கடந்து போகிறது. அசையாமல் இருப்பவன் முகாமில் பிழைத்தான்; அலுவலகத்தில் அசையாமல் இருப்பவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

உருவகமான பிறகு கோட்டுக்கு நகரும் ஆற்றலும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேற முதலில் வைத்த நாள் 2019 மார்ச் 29. அது ஏப்ரல் 12 ஆனது, பிறகு அக்டோபர் 31 ஆனது, இறுதியில் 2020 ஜனவரி 31 அன்று வெளியேற்றம் நடந்தது. அத்தனை நாள்களையும் உலகப் பத்திரிகைகள் டெட்லைன் என்றே எழுதின, நாங்களும் எழுதினோம். பேசிப் பார்த்து நகர்த்தக்கூடிய ஒன்றுக்கு இந்தப் பெயர் பொருந்துமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. புழக்கத்தில் தேய்ந்த சொல்லை அதன் பழைய பொருளுக்குக் கட்டிப்போட நினைப்பவன் அல்லன் நான். டெட்லைன் என்று சொல்லாதீர்கள், 13,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று யாரையும் தடுக்கவும் மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லின் அமைப்பில் இருந்து ஒருபோதும் தேயாத ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்: கோட்டை வகுப்பவர் ஒருவர், அதற்குள் இருக்க வேண்டியவர் இன்னொருவர். சிறையிலும் நியூயார்க் தெருவிலும் மேய்ச்சல் நிலத்திலும் அலுவலகத்திலும் இது மாறவே இல்லை. யாரும் தனக்குத் தானே டெட்லைன் வைத்துக்கொள்வதாகச் சொன்னால், தன்னையே இரண்டு ஆளாக்கிக்கொண்டுதான் அப்படிச் சொல்ல முடிகிறது. வேலை ஒதுக்குபவர்கள் தேதி குறிக்கும் முன் இதைச் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது. கற்பனைக் கோட்டை எங்கே என்று சொல்லாமலேயே ‘சீக்கிரம் வேண்டும்’ என்று விட்டுவிட்டுப் பிறகு தாண்டிவிட்டாய் என்று ஏசுகிற வழக்கம் எங்கள் துறையிலும் பிற துறைகளிலும் மிகுதி.

கணினித் துறையில் இந்தச் சொல் இன்னொரு திருப்பம் கண்டிருக்கிறது. ஒரே செயலியில் பல வேலைகள் ஓடும்போது எதை முதலில் செய்வது என்ற சிக்கலுக்கு, எதன் டெட்லைன் மிக அருகில் இருக்கிறதோ அதை முதலில் எடு என்ற முறையை சி. எல். லியுவும் ஜேம்ஸ் லேலண்டும் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் கணித அடிப்படையோடு விளக்கினார்கள். அந்த முறையைத் தழுவிய ஒரு வசதி 2014-இல் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் 3.14 பதிப்பிலும் சேர்ந்தது. இத்துறையினர் டெட்லைனை ஹார்டு, சாஃப்ட் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். சாஃப்ட் என்றால் சற்றுத் தாமதமானாலும் பயன் குறையுமே தவிர வீணாகாது. இணையத்தில் பார்க்கும் காணொளி ஒரு கணம் தயங்கி மறுபடி ஓடுவதைப் போல. ஹார்டு என்றால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், நேரம் கடந்து வந்த விடை தவறான விடையாகவே கொள்ளப்படும். கார் மோதியதிலிருந்து ஏர்பேக் விரிந்து முடிய நொடியில் நூறில் சில பங்குதான் கிடைக்கிறது. மோதலை உணரும் கருவி அனுப்பும் அளவுகளைப் படித்து, இது உண்மையான மோதலா அல்லது பள்ளத்தில் இறங்கிய அதிர்ச்சியா என்று கணித்து, பையை ஊத வைக்கும் ஆணையை அனுப்புவது வரை எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். அந்த நிரலை எழுதும் பொறியாளர் தம் ஆவணத்தில் ஹார்டு டெட்லைன் என்று குறித்து, பக்கத்தில் மில்லி நொடிக் கணக்கை இடுகிறார். அது கடந்தபின் பை விரிந்தால், ஓட்டுநரின் தலை அதற்குள் ஸ்டீயரிங்கில் மோதியிருக்கும்.